தொப்பூர் ஏத்தத்துல வண்டி கொதிச்சா, ‘எப்போ?’ன்னு மொதல்ல கேளுங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்ங்க.

நான் பாலக்கோட்டுல சொந்தமா ஒரு டீசல் கார் வச்சு வாடகைக்கு ஓட்டுறேன், 17 வருஷமா இதான் பொழப்பு. சேலம், பெங்களூரு, ஒகேனக்கல்னு கல்யாண வாடகை ஆஸ்பத்திரி வாடகை எல்லாம் போவேன். உங்க பேப்பர்ல தொப்பூர் கணவாய் இறக்கத்துல பிரேக் புடிக்காம லாரி மோதுறதைப் பத்தி நெறைய தடவ எழுதியிருக்கீங்க, அது எழுத வேண்டியதுதான். ஆனா அதே கணவாய்ல எதிர்ப்பக்கம், சேலத்துல இருந்து தருமபுரிக்கு ஏறி வர்ற பக்கம், கோடையில என்ன நடக்குதுன்னு யாரும் எழுதி நான் பாத்ததில்ல. சித்திரை வைகாசியில மத்தியானம் 12 மணிக்கு மேல வந்து பாருங்க, பாளையம்புதூர் டோல்கேட் வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு மூணு காராவது பானெட்டைத் தொறந்து போட்டுக்கிட்டு ஓரமா நிக்கும், குழந்தைங்க வெயில்ல நிக்கும், யாராவது ஒருத்தர் கையில தண்ணி பாட்டிலோட என்ன பண்றதுன்னு தெரியாம இஞ்சினையே பாத்துக்கிட்டு இருப்பாரு.

போன வருஷம் அக்னி நட்சத்திரத்துல அப்படி நின்னது நான்தான். சேலத்துல ஆஸ்பத்திரியில இருந்து எங்க ஊரு பாட்டி ஒருத்தங்கள டிஸ்சார்ஜ் பண்ணி கூட்டிட்டு வந்தேன், வண்டியில மொத்தம் 5 பேரு, ஏசி ஓடுது, பாதி ஏத்தம் ஏறுறதுக்குள்ள இஞ்சின் சூட்டைக் காட்டுற மீட்டர் முள்ளு நடுவுல இருந்து நகர ஆரம்பிச்சு செவப்பு கோட்டைத் தொட்டுடுச்சு. ஓரங்கட்டினேன். பக்கத்துல லாரி லாரியா உறுமிக்கிட்டு ஏறுது, நெழலுக்கு ஒரு மரம் இல்ல, பாட்டிக்கு அவங்க மருமக முந்தானையால விசிறிக்கிட்டே இருந்தாங்க, முக்கா மணி நேரம். அந்த முக்கா மணி நேரத்தை என்னால மறக்க முடியல, அதனாலதான் இதை எழுதுறேன்.

அடுத்த ஒரு மாசத்துல 3 பட்டறை ஏறி எறங்கினேன், எந்த ஊரு எந்தப் பட்டறைன்னு சொல்ல வேண்டாம். மொதல் எடத்துல ஒரு நிமிஷம் உள்ள பாத்துட்டு ‘ஃபேனை டைரக்ட் பண்ணிடலாம்’னு சொல்லி, சாவி போட்ட ஒடனே இஞ்சினைக் குளிர வைக்கிற ஃபேன் ஓடுற மாதிரி ஒயர் குடுத்தாங்க, 600 ரூபா. அடுத்த வாரமே மறுபடி ஏத்தத்துல கொதிச்சுது. ரெண்டாவது எடத்துல தெர்மோஸ்டாட் வால்வை (தண்ணி சூடானப்புறம்தான் ரேடியேட்டருக்கு வழி விடுற கதவு) கழட்டி என் கையிலயே குடுத்து ‘நம்ம ஊரு வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு’ன்னாங்க. அதுக்கப்புறம் காலையில முள்ளு எந்திரிக்கவே இல்ல, லிட்டருக்கு 2 கிலோமீட்டர் மைலேஜ் கொறஞ்சுது, ஆனா ஏத்தம் வந்தா பழைய கதைதான். மூணாவது எடத்துல ‘ஹெட் கேஸ்கட் போயிடுச்சு, டாப்பு எறக்கணும், லேத்துல ஃபேசிங் போடணும், 22,000 ஆகும்’னாங்க, அதாவது இஞ்சினோட மேல்பாகத்துக்கு அடியில இருக்குற அடைப்புத் தகடு போச்சு, மேல்பாகத்தைக் கழட்டி மட்டமா இழைக்கணும்னு. வீட்டுல நகையை வச்சு பணம் ஏற்பாடு பண்ற வரைக்கும் போயிட்டேன் ஐயா.

இந்த மூணு பேர்ல ஒருத்தர்கூட என்னைய ஒரு கேள்வி கேக்கல. வண்டி எப்போ சூடாகுது? அவ்வளவுதான் கேள்வி.

அதைக் கேட்டவரு காவேரிப்பட்டணத்துல ஒரு வயசான மேஸ்திரி, பேரு போடுறதை அவரு விரும்பல. பானெட்டைத் தொறக்குறதுக்கு முன்னாடியே ஸ்டூலைப் போட்டு என்னைய உக்கார வச்சு கேட்டாரு, ‘நிக்கும்போது சூடாகுதா தம்பி, ஓடும்போதா?’

‘ஏத்தத்துலதான் அண்ணே. தருமபுரி நாலு ரோட்டுல அரை மணி நேரம் டிராஃபிக்ல நின்னாலும் ஒண்ணும் ஆகாது.’

‘அப்ப ஃபேன் மேல எதுக்கு கை வச்சாங்க?’

எனக்குப் புரியல, அவரே சொன்னாரு. ஃபேனுக்கு முக்கியமான வேலை வண்டி நிக்கும்போதும் ஊர்ந்து போகும்போதும்தான், ஓட ஆரம்பிச்சு ஒரு 50, 60 வந்துட்டா எதிர்க்காத்தே இஞ்சின் தண்ணியை ஆற வைக்கிற ரேடியேட்டரைக் குளிர வச்சிடும். அதனால டிராஃபிக்ல மட்டும் சூடாகி ஹைவேல சரியாயிடுச்சுன்னா ஃபேன் பக்கம் பாக்கணும், டிராஃபிக்ல நல்லா இருந்து ஏத்தத்துலயும் ஸ்பீடுலயும் சூடானா தண்ணி ஓட்டத்தையும் ரேடியேட்டர் உள்பக்கத்தையும் பாக்கணும். எரியுற டீசல்ல இருக்குற சக்தியில சுமாரா 3ல ஒரு பங்கு சூடா இந்தத் தண்ணிக்குத்தான் வந்து சேருது, ஏத்தத்துல டீசல் எரியுறது ஏறிடும், வண்டி வேகம் கொறஞ்சிடும், அதனால சமதரையில சமாளிக்கிற அரைகொறை ரேடியேட்டரு ஏத்தத்துல மாட்டிக்கும். இதை ஒரு ஸ்டூல்ல உக்காந்து 5 நிமிஷத்துல புரிஞ்சுக்கிட்டேன், 17 வருஷமா தெரியாம ஓட்டியிருக்கேன்.

அடுத்தது ‘தண்ணி எத்தன நாளைக்கு ஒரு தடவ ஊத்துற?’ன்னாரு. வாரத்துக்கு ஒரு லிட்டர், வெயில் காலத்துல ரெண்டுன்னு சொன்னேன். எந்தத் தண்ணின்னு கேட்டாரு, எது கெடைக்குதோ அதுதான் அண்ணே, டீக்கடை தொட்டி, பங்க்கு கொழாய், வீட்டு போர் தண்ணின்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு ‘வாரம் ஒரு லிட்டர் எங்க போகுதுன்னு நீ பாக்கலியா’ன்னு கேட்டாரு. பாக்கல ஐயா. குடிக்கிற மாட்டுக்கு தண்ணி வைக்கிற மாதிரி ரேடியேட்டருக்கும் ஊத்தணும்னுதான் நெனச்சிருந்தேன், எங்கூட ஓட்டுறவங்க எல்லாரும் அப்படித்தான் ஊத்துறாங்க. ஆனா அது மூடின சுத்து, பம்ப்பு தள்ளுது, இஞ்சினைச் சுத்தி ரேடியேட்டருக்குப் போயி ஆறி திரும்ப வருது, ஒழுங்கா இருக்குற வண்டியில மாசக்கணக்குல மட்டம் கொறையாது. கொறையுதுன்னா எங்கயோ போகுது, ஒண்ணு வெளிய ஒழுகுது, இல்ல உள்ள எரியுது, இல்ல மூடி வழியா ஆவியாகுது.

மொதல்ல அவரு பாத்தது 22,000 ரூபா கேஸ்கட் கதை நெசமான்னு. மறுநாள் காலையில வண்டி நல்லா ஆறியிருந்தப்போ ஆயில் மூடியைத் தொறந்தாரு, உள்பக்கம் பால் கலந்த டீ மாதிரி நொரை இருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தமாம், என்னுது சுத்தம். ஸ்டார்ட் பண்ணி சைலன்சர்ல வெள்ளைப் புகை வருதான்னு பாத்தாரு, ரேடியேட்டர்ல குமிழி வருதான்னு பாத்தாரு, இஞ்சின்ல இருந்து ரேடியேட்டருக்கு மேல போற ரப்பர் பைப்பை, டாப் ஹோஸுன்னு சொல்றதை, புடிச்சுக்கிட்டே நின்னாரு. ஆறிக் கெடக்குற இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துலயே, தண்ணி சூடாகுறதுக்கு முன்னாடியே அந்த ஹோஸ் கல்லு மாதிரி ஆச்சுன்னா சிலிண்டர்ல எரியுற புகை தண்ணிக்குள்ள வருதுன்னு சந்தேகப்படலாம். என்னுது ஆகல. கடைசியா நீலக்கலர் மருந்து ஊத்துன ஒரு சின்ன குப்பியை ரேடியேட்டர் வாயில வச்சு காத்தை இழுத்தாரு, எரிஞ்ச புகை கலந்திருந்தா அந்த நீலம் நெறம் மாறிடும். மாறவே இல்ல. அந்த நீலத்தைப் பாத்துக்கிட்டு நான் நின்னது இருக்கே ஐயா, வீட்டுல நகை தப்பிச்சுதுன்னு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

அப்புறம் வண்டியை நல்லா சூடாக விட்டாரு. இப்ப டாப் ஹோஸ் கெட்டியா இருக்கணும், ஏன்னா சூடான தண்ணிக்குள்ள பிரஷர் ஏறி நிக்கணும், ஆனா என்னுது அமுக்கினா சப்பையா உள்ள போச்சு. ‘ரேடியேட்டர் மூடியைப் பாரு’ன்னாரு. ஆறின பின்னாடி கழட்டிப் பாத்தா அதோட ரப்பர் வெடிச்சு ஒரு பக்கம் பிஞ்சு போயிருக்கு. அந்த மூடி சும்மா மூடி இல்ல ஐயா, சுமாரா 1 பார் பிரஷரைப் புடிச்சு வைக்கிற வால்வு, அது புடிச்சா வெறுந்தண்ணியே 120 டிகிரி வரைக்கும் கொதிக்காது, புடிக்கலன்னா 100லயே கொதிச்சு ஆவியாப் போயிடும். வாரம் ஒரு லிட்டர் அந்த வழியாத்தான் போயிருக்கு. சில வண்டியில இந்த மூடி ரேடியேட்டர் மேல இல்லாம பக்கத்துல இருக்குற பிளாஸ்டிக் டேங்க் மேல இருக்கும், வேலை அதேதான்.

கடைசியா ஃபேன் ஒயரைப் புடுங்கிட்டு (ஆஃப் பண்ணின பின்னாடியும் சில வண்டியில ஃபேன் தானா சுத்தும், வெரலு போயிடும், இதை யாரும் மறக்கக்கூடாது) ரேடியேட்டர் மேல உள்ளங்கையை வச்சு மெதுவா தடவிப் பாக்கச் சொன்னாரு. ஒரு எடம் சுடுது, நடுவுல பெரிய பட்டையா வெதுவெதுன்னு இருக்கு. சூடான தண்ணி அந்தக் கொழாய்ங்களுக்குள்ள போகவே இல்ல. கழட்டி உள்ள பாத்தப்போ துருவும் சேறுமா செம்மண் கலர்ல ஒரு குழம்பு, அதுக்கு அடியில வெள்ளையா கல்லு மாதிரி படிஞ்சது, எங்க வீட்டுல சுடுதண்ணி போடுற குண்டானுக்குள்ள படிஞ்சிருக்குமே, அச்சு அசலா அதே.

ஆக நடந்தது இதுதான். மூடி கெட்டுப்போச்சு, அதனால தண்ணி கொறைஞ்சுது, அதுக்காக நான் உப்புத்தண்ணியை ஊத்தினேன், ஊத்த ஊத்த உப்பு படிஞ்சு ரேடியேட்டர் அடைச்சுது, அடைச்சதனால ஏத்தத்துல கொதிச்சுது. 250 ரூபா மூடியில ஆரம்பிச்சது. புது ரேடியேட்டர், மூடி, தெர்மோஸ்டாட், கூலண்ட் (தண்ணியில கலக்குற மருந்து), கூலி எல்லாம் சேத்து 9,000 சொச்சம் ஆச்சு, ஃபேன் ஒயரையும் பழையபடி மாத்திக் குடுத்தாரு. தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டணுமான்னு கேட்டதுக்கு கோவமே வந்துடுச்சு அவருக்கு. அது 82லயோ 88லயோ தொறக்குற கதவு, அதுவரைக்கும் இஞ்சினை சீக்கிரம் சூடாக்கி வைக்குது, அதைப் புடுங்கிட்டா இஞ்சின் சூடேறாமலே ஓடும், டீசல் குடிக்கும், ஆயில் கெடும், தேய்மானம் ஆகும், சில இஞ்சின்ல அந்த வால்வு இல்லன்னா சூடான தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம பைபாஸ்னு ஒரு குறுக்கு வழியாவே பாதி சுத்தி வந்துடும், இன்னும் கெட்டது. வால்வு ஒட்டிக்கிட்டு தொறக்கலன்னா புதுசு மாத்தணும், அதுக்காக அதைத் தூக்கி எறியக் கூடாதுன்னாரு. இந்தப் பழக்கம் நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் ரொம்ப இருக்கு, பட்டறைக்காரங்க தயவுசெஞ்சு இதை விடணும்.

இந்தத் தண்ணி விஷயத்தை நான் கொஞ்சம் விரிவா சொல்லணும். நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணியில ஃப்ளோரைடு அதிகம்னுதான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டமே வந்துச்சு, 2013ல தொறந்தாங்க. அதனால நம்மாளுங்க பலபேரு ரேடியேட்டர் அடைக்கிறதும் ஃப்ளோரைடுனாலதான்னு பேசிக்கிறாங்க, அது இல்லீங்க. பல்லையும் எலும்பையும் கெடுக்கிறது ஃப்ளோரைடு, குண்டான்லயும் ரேடியேட்டர்லயும் வெள்ளையா படியிறது சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும், தண்ணி சூடாகும்போது அதுங்க பிரிஞ்சு ஒட்டிக்கும். அந்தப் படிவு அலுமினியத்தை விட பல மடங்கு கம்மியாத்தான் சூட்டைக் கடத்தும். ஒரு தடவ ஊத்தி மூடி வச்சா அதுல இருக்குற உப்பு கொஞ்சம்தான், வாராவாரம் ஊத்துறதுதான் கெடுதி, ஒவ்வொரு தடவையும் தண்ணி மட்டும் ஆவியாப் போயி உப்பு உள்ளயே தங்குது. ஒகேனக்கல் தண்ணியும் இதுக்கு வேணாம். டிஸ்டில்டு வாட்டர் பேட்டரி கடையிலயே கெடைக்குது, அதோட வண்டி கம்பெனி புக்குல சொன்ன கூலண்டை அதுல சொன்ன அளவுல கலந்து ஊத்தினா துருவும் புடிக்காது, கொதிநிலையும் ஏறும். பச்சைக் கூலண்டையும் செவப்புக் கூலண்டையும் கலந்து ஊத்தாதீங்க, கலரை நம்பாம வகையைப் பாத்து வாங்குங்க.

எல்லா வண்டிக்கும் என் கதையே பொருந்தாது, அதனால மேஸ்திரி சொன்னதுல மத்தவங்களுக்கு ஒதவுறதையும் எழுதிடுறேன். டிராஃபிக்ல மட்டும் சூடானா நின்ன எடத்துல ஏசியைப் போட்டு முன்னாடி போயி காதை வச்சு கேளுங்க, எலக்ட்ரிக் ஃபேன் இருக்குற வண்டியில கொஞ்ச நேரத்துல ஃபேன் ஓடணும், ஓடலன்னா பியூஸ், ரிலே, மோட்டார், சென்சார் இதுல ஒண்ணு. வண்டி எடுத்து 10 நிமிஷத்துலயே சூடாகி, மேல ஹோஸ் கொதிச்சு கீழ ஹோஸ் ஜில்லுன்னு இருந்தா தெர்மோஸ்டாட் தொறக்கல. ஆக்சிலேட்டர் குடுக்கும்போது கீழ ஹோஸ் சப்பிக்கிச்சுன்னா ஹோஸ் செத்துப்போச்சு, புதுசு மாத்துங்க. வாட்டர் பம்ப்புக்கு அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல இருந்து தண்ணி சொட்டினா பம்ப்பு சீல் போச்சு, வெளியில சொட்டாமயே பம்ப்புக்குள்ள தண்ணியைத் தள்ளுற விசிறி அரிச்சுப் போயிருக்கவும் வாய்ப்பு இருக்கு. காருக்குள்ள கார்பெட் ஈரமா இருந்து இனிப்பா ஒரு வாசனை வந்தா ஹீட்டர் உள்ள ஒழுகுது. இஞ்சின் கொதிக்குது ஆனா ஹீட்டரைப் போட்டா ஜில்லுன்னு காத்து வருதுன்னா தண்ணி கம்மி, இல்ல தண்ணி ஓட்டத்துல காத்து அடைச்சிருக்கு (ஏர்லாக்). வெளிப்பக்கமும் பாக்கணும், கிருஷ்ணகிரி பக்கம் மாங்கா சீசன்ல தோப்புக்குள்ள மண் ரோட்டுல போயிட்டு வர்ற வண்டிங்களுக்கு ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவுல புழுதியும் பூச்சியும் அடைச்சுக்கும், முன்னாடி இருந்து பாத்தா தெரியாது, இஞ்சின் பக்கமா இருந்து வெளிய பாத்து மெதுவா தண்ணி அடிச்சா கொட்டும், பிரஷர்ல அடிச்சா ரேடியேட்டரோட மெல்லிசான தகடுங்க (ஃபின்னு) மடங்கிடும்.

ஒண்ணு மட்டும் எல்லா டிரைவரும் தெரிஞ்சுக்கணும். முள்ளு மேல போயிட்டு திடீர்னு கீழ விழுந்தா சரியாயிடுச்சுன்னு நெனச்சு ஓட்டிடாதீங்க. சென்சார் தண்ணிக்குள்ள இருந்தாத்தான் சூட்டைச் சரியா சொல்லும், தண்ணி முழுக்க போயிட்டா அது காத்துல தொங்கிக்கிட்டு தப்பா காட்டும். என் கூட்டாளி ஒருத்தன் மேலுமலை ஏத்தத்துல அப்படித்தான் நம்பி ஓட்டி சூளகிரி போறதுக்குள்ள இஞ்சின் சீஸ் ஆகி இறுகி நின்னுடுச்சு, வண்டியை அப்படியே வித்துட்டு இப்ப சிப்காட்டுல வேலைக்குப் போறான்.

ஏத்தத்துல முள்ளு ஏற ஆரம்பிச்சதும் ஏசியை அணைங்க, ஜன்னலைத் தொறந்து ஹீட்டரை ஃபுல்லா வைங்க, வெயில்ல கொடுமையாத்தான் இருக்கும் ஆனா அது இன்னொரு குட்டி ரேடியேட்டர் மாதிரி சூட்டை வெளிய எடுக்கும். கியரைக் கொறைங்க, டாப் கியர்ல திணற விடாதீங்க, ஆர்.பி.எம். இருந்தாத்தான் பம்ப்பு வேகமா தள்ளும். அப்பவும் எறங்கலன்னா நேரான எடமா பாத்து, வளைவுல இல்ல, முடிஞ்ச அளவு ஓரமா நிறுத்துங்க, ஆளுங்களை ரோட்டுப் பக்கம் இல்லாம மறுபக்கமா எறக்குங்க. ஆவி வந்தா ஒடனே இஞ்சினை ஆஃப் பண்ணுங்க. மூடியைத் தொறக்காதீங்க, அரை மணி நேரமாவது ஆகணும், பிரஷர்ல இருக்குற தண்ணி மூஞ்சியில அடிச்சா என்ன ஆகும்னு நான் பாத்திருக்கேன், அதை எழுத மனசு வரல. கொதிக்கிற இஞ்சின் மேல பச்சத்தண்ணி ஊத்தினா இஞ்சினோட மேல்பாகம் (ஹெட்டு) வெடிச்சாலும் வெடிச்சிடும், அதையும் பண்ணாதீங்க. நேஷனல் ஹைவேல 1033க்கு போன் பண்ணினா ஒதவி அனுப்புவாங்க, இந்த நம்பர் நம்ம டிரைவருங்க பாதிப்பேருக்குத் தெரியல.

உங்ககிட்ட ரெண்டு வேண்டுகோள் ஐயா. ஒண்ணு, பங்குனி பொறந்ததும் உங்க பேப்பர்ல தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல ஒரு சின்ன கட்டம் போட்டு ‘நிக்கும்போதா, ஓடும்போதா, ஏத்தத்துலயா? தண்ணி கொறையுதா? எந்தத் தண்ணி ஊத்துறீங்க?’ இந்தக் கேள்விகளை மட்டும் போடுங்க, வண்டி வச்சிருக்கிறவங்க வெட்டி எடுத்து பட்டறைக்குப் போகும்போது பதிலோட போவாங்க, சும்மா டாப்பு எறக்க விட மாட்டாங்க. இன்னொண்ணு நெடுஞ்சாலைக்காரங்களுக்கு. தொப்பூர்ல ஏத்தம் தொடங்குறதுக்கு முன்னாடியும் மேலுமலைக்கு முன்னாடியும் ‘ஏத்தம் ஆரம்பம், சூட்டு முள்ளைப் பாருங்க, ஏசியை அணைங்க’ன்னு தமிழ்ல கன்னடத்துல இந்தியில ஒரு போர்டு வைக்கணும், நின்னு போற வண்டிக்கு லாரி இடிக்காம ஒதுங்க ஒரு அகலமான எடமும் அதுல ஒரு தகரக் கூரையும் வேணும். பாட்டி மாதிரி ஆஸ்பத்திரியில இருந்து வர்றவங்க நெழல்ல உக்காரட்டும்.

இப்படிக்கு,
வாடகை கார் ஓட்டுநர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.